முடிவு தெரியாதவர்களின் பேச்சு

‘சிலிக்கான போர்’ ஆவணப்படத்தின் இரண்டாம் பாகத்தில் ஓர் இறுதிச் சடங்கு வருகிறது. இறந்தவர் அர்துரோ அராயா. சிலி நாட்டு அதிபர் சால்வதோர் அயெண்டேயின் கடற்படைத் துணை அதிகாரி. 1973 ஜூலை 27ஆம் தேதி, நள்ளிரவு தாண்டிய நேரத்தில், அவரை வீட்டிலேயே சுட்டுக் கொன்றிருந்தார்கள். அடக்கத்துக்குப் படை அதிகாரிகள் வந்து வரிசையாக நிற்கிறார்கள். கேமரா அவர்களிடம் எதுவும் கேட்பதில்லை. தள்ளி நின்றபடி, நீள லென்ஸ் வழியாக, ஒவ்வொரு முகமாகத் தடவிக்கொண்டு போகிறது. தொப்பியின் விளிம்பு, மார்பில் பதக்கங்கள், கையுறை, பக்கத்தில் நிற்பவரின் காதுப் பக்கம் சாயும் ஒரு தலை. பின்னால் துக்க இசை. அந்த முகங்களில் துக்கம் இருக்கிறதா என்று தேடுகிறோம். இருப்பதாகத் தெரியவில்லை. வேறு எதற்கோ காத்திருக்கும் முகங்கள் அவை.

ராணுவம் அயெண்டேயின் ஆட்சியைக் கவிழ்த்த செப்டம்பர் 11க்கு இன்னும் ஒன்றரை மாதம்.

அந்தச் சனிக்கிழமை இரவு ஸூமில் நாங்கள் 31 பேர் இருந்தோம். திருச்சி, மதுரை, சென்னை, பெங்களூரு, வவுனியா, டொராண்டோ, ஷார்ஜா என்று ஆளுக்கோர் ஊர். யாரோ ஒருவர் மைக்கை அணைக்க மறந்திருந்தார். அவர் வீட்டு மின்விசிறியின் கரகரப்பு அந்தத் துக்க இசைக்கு அடியில் ஓடிக்கொண்டே இருந்தது. ஒருங்கிணைப்பாளரான நான் அதை அணைத்திருக்க வேண்டும். கை போகவில்லை. அந்த முகங்களை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை.

படம் பத்ரிசியோ குஸ்மான் இயக்கிய ‘லா பதாயா தெ சிலே’. மூன்று பாகம், மொத்தம் நாலரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. 1975, 1976, 1979 என்று ஒவ்வொன்றாக வெளிவந்தது. தமிழில் பெயர் வைப்பதிலேயே இரண்டு நாள் போயிற்று. ‘சிலியின் போர்’ என்றால் சிலி ஏதோ பக்கத்து நாட்டோடு சண்டைக்குப் போனதுபோல் ஆகிவிடும். நடந்தது அந்த நாட்டுக்குள்ளேயே, அந்த நாடு யாருக்கு என்பதற்காக. ‘சிலிக்கான போர்’ என்று முடிவு செய்தோம்.

எங்கள் குழு 2020 ஊரடங்கில் தொடங்கியது. முதலில் கதைப் படங்கள் பார்த்துப் பேசினோம், பிறகு மெல்ல ஆவணப்படங்களுக்கு வந்தோம். சிலியைப் போடலாம் என்று வந்தபோது ஒரே தடங்கல்தான். ஆங்கில உரை ஓடுகிற வேகத்துக்கு எங்கள் குழுவில் பாதிப் பேரால் படிக்க முடியாது. அனுமதி வாங்கிக்கொண்டு தமிழ் வசன உரையை நானே செய்கிறேன் என்று சொன்னேன். இரண்டரை மாதம் ஆயிற்று. இரவு பிள்ளைகள் தூங்கிய பிறகு உட்காருவேன். ஒரு வரியை நாலு தடவை ஓடவிட்டு, பேசுபவரின் வாய் மூடுவதற்குள் தமிழ் வரி முடிகிறதா என்று பார்த்துப் பார்த்து அடித்தேன். அதனால் இந்தப் படத்தை நான் பார்த்தேன் என்பதைவிட, அதிலிருந்தவர்களோடு இரண்டரை மாதம் குடியிருந்தேன் என்று சொல்வதுதான் சரி.

சிலியின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1970 செப்டம்பர் 4 தேர்தலில், இடதுசாரிக் கட்சிகளின் மக்கள் ஒற்றுமைக் கூட்டணி சார்பில் நின்ற அயெண்டே 36 சதவீதத்துக்குச் சற்று மேல் வாக்கு வாங்கி முதலிடம் பிடித்தார். அவர் ஒரு மருத்துவர்; அது அவருடைய நான்காவது அதிபர் தேர்தல். பெரும்பான்மை கிடைக்காததால் நாடாளுமன்றம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அது நடப்பதற்குள், அரசியல் சட்டத்தை மீற மாட்டேன் என்று நின்ற தலைமைத் தளபதி ரெனே ஷ்னைடரைக் கடத்தப் பார்த்து, சுட்டார்கள், சில நாளில் அவர் இறந்துபோனார். அப்படியும் அயெண்டே பதவியேற்றார். 1971 ஜூலையில் செம்புச் சுரங்கங்கள் நாட்டுடைமை ஆயின. எதிர்க்கட்சிகளும் சேர்ந்து ஒருமனதாக வாக்களித்த சட்டம் அது. சுரங்கங்களில் அதுவரை பங்கு வைத்திருந்தவை அமெரிக்க நிறுவனங்கள். 1970 செப்டம்பரிலேயே, வெள்ளை மாளிகைக் கூட்டத்தில் உளவுத்துறைத் தலைவர் எடுத்த கையெழுத்துக் குறிப்பில், சிலியின் பொருளாதாரத்தை அலற வைக்க வேண்டும் என்று நிக்சன் சொன்னது பதிவாகியிருக்கிறது. அடுத்த மூன்றாண்டில் சிஐஏ அங்கே இறக்கிய பணம் 80 லட்சம் டாலர் என்று அமெரிக்க செனட் குழுவே 1975இல் அறிக்கை கொடுத்தது.

படம் தொடங்குவது 1973 மார்ச் நாடாளுமன்றத் தேர்தலில். அயெண்டேயைப் பதவி நீக்க எதிர்க்கட்சிகளுக்கு மூன்றில் இரண்டு பங்கு இடம் தேவை. கடைகளில் சாமான் இல்லை, வரிசை தெருமுனை வரை நிற்கிறது, விலைவாசி தலைக்கு மேலே. நிச்சயம் விழுந்துவிடுவார் என்று நம்பினார்கள். ஆனால் ஆளும் கூட்டணியின் வாக்கு 43 சதவீதத்தைத் தாண்டியது. வாக்குச்சீட்டால் இவரை இறக்க முடியாது என்று தெரிந்த நாள் அது. அங்கிருந்து செப்டம்பர் வரையான ஆறு மாதத்தைத்தான் முதல் இரண்டு பாகமும் நாள் நாளாகத் தொடர்கின்றன.

எடுத்தவர்கள் ஐந்தாறு பேர். ஒரு 16 எம்.எம். கேமரா, ஒரு நாக்ரா ஒலிப்பதிவுக் கருவி. ஃபிலிம் சுருள் சிலியில் கிடைக்கவில்லை. பொருளாதார நெருக்கடி அதையும் விட்டுவைக்கவில்லை. குஸ்மான் பிரான்சிலிருந்த இயக்குநர் கிறிஸ் மார்க்கருக்குக் கடிதம் எழுதினார். மார்க்கர் 43,000 அடி ஃபிலிம் அனுப்பிவைத்தார். ஒரு நாள் இரவு நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 16 எம்.எம். நிமிடத்துக்கு 36 அடி ஓடும். அப்படியானால் மொத்தம் 20 மணி நேரம். அதிலிருந்து நாலரை மணி நேரப் படம். எடுத்ததில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு படத்திலேயே இருக்கிறது! இன்று ஒரு கல்யாண வீட்டில் அரை நாளில் 20 மணி நேரக் காட்சியை எடுத்துத் தள்ளுகிறோம். அவர்களுக்கு ஒரு நாட்டின் ஆறு மாதத்துக்கு இருந்ததே அவ்வளவுதான். கேமராவில் மாட்டும் ஒரு சுருள் 400 அடி, 11 நிமிடம். ஒவ்வொரு தடவை பொத்தானை அழுத்தும்போதும், இது வேண்டுமா, நாளைக்கு வைத்துக்கொள்ளலாமா என்று யோசித்திருப்பார்கள். அதற்காகவே தங்கள் வேலை அறைச் சுவரில் எங்கெங்கே மோதல் நடக்கிறது என்று பட்டியல் எழுதி ஒட்டியிருந்தார்களாம்: தொழிற்சாலை, விளைநிலம், பல்கலைக்கழகம், நாடாளுமன்றம், பத்திரிகை. கையில் ஒன்றுக்கு மேற்பட்ட அடையாள அட்டைகள். வலதுசாரிக் கூட்டத்துக்கு ஒன்று, இடதுசாரிக் கூட்டத்துக்கு வேறொன்று. குஸ்மான் கேமராக்காரரின் பக்கத்திலேயே நின்று, சுற்றிலும் என்ன நடக்கப்போகிறது என்று பார்த்துக் காதில் சொல்லிக்கொண்டிருப்பார்.

அந்தக் கேமராக்காரரின் பெயர் ஹோர்ஹே முல்லர் சில்வா. அவரிடம் பிறகு வருகிறேன்.

முதல் சனிக்கிழமை முதல் பாகம். அதன் கடைசியில் வருவதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். 1973 ஜூன் 29 காலை, ஒரு டாங்கிப் படைப்பிரிவு லா மொனேதா அதிபர் மாளிகையைச் சுற்றி வளைக்கிறது. சுவீடன் தொலைக்காட்சிக்கு வேலை செய்த லியோனார்தோ ஹென்றிக்சன் என்ற அர்ஜென்டினா நாட்டுக் கேமராக்காரர் தெருவில் நின்று படமெடுக்கிறார். ஒரு ராணுவ வண்டியிலிருந்து சிப்பாய்கள் இவரைப் பார்த்துத் துப்பாக்கியை நீட்டுகிறார்கள். இவர் கேமராவைத் தாழ்த்தவில்லை. சுடுகிறார்கள். படம் ஆடுகிறது, சாய்கிறது, நின்றுபோகிறது. தன் சாவைத் தானே படமாக்கிய மனிதர். வயது 33.

விளக்கு போட்டதுபோல் எல்லோருடைய சதுரமும் திரையில் திரும்பி வந்தது. கலந்துரையாடல் தொடங்கியது. தொடங்கிய ஐந்தாவது நிமிடம் அந்தக் கேள்வி வந்தது: “அயெண்டே தொழிலாளர்களுக்கு ஆயுதம் கொடுத்திருந்தால்?” அடுத்த 40 நிமிடம் அதிலேயே போயிற்று. கொடுத்திருக்க வேண்டும் என்றார் ஒருவர். கொடுத்திருந்தால் செப்டம்பர் வரைகூட வந்திருக்க முடியாது என்றார் இன்னொருவர். சட்டத்தை மதித்தது அவருடைய பலமா பலவீனமா, கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியோடு சமரசம் செய்திருக்கலாமா, பிறகு ஆட்சியைக் கவிழ்த்த பினோசெட்டை எப்படி நம்பித் தளபதியாக்கினார். எல்லாம் கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஐம்பது வருடமாக உலகம் முழுக்கக் கேட்கிறார்கள். ஆனால் கேட்கக் கேட்க என்னமோ உறுத்தியது. நாங்கள் நாலைந்து பேர் நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். கூண்டில் நின்றவர்களுடைய வாக்குமூலத்தை யாரும் வாசிக்கவில்லை.

குழுவில் ஒரு மூத்த தோழர் இருக்கிறார். அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் மெக்கானிக்காக 30 வருடம், தொழிற்சங்கத்தில் அதைவிட அதிகம். கூட்டத்தில் பெரும்பாலும் பேச மாட்டார். அன்றைக்கு மைக்கைத் திறந்தார்.

“ஏம்மா, சப்டைட்டில்ல லாரிக்காரங்க வேலைநிறுத்தம்னு எழுதியிருக்கே?”

“ஆமா தோழர்.”

“லாரியை நிறுத்துனது யாரு? டிரைவரா, ஓனரா?”

“ஓனர்கள் சங்கம், தோழர்.”

“அப்புறம் அது எப்படிம்மா வேலைநிறுத்தம்? தொழிலாளி வேலையை நிறுத்துனா வேலைநிறுத்தம். முதலாளி வண்டியை நிறுத்துனா அதுக்குப் பேரு கதவடைப்பு.”

எனக்கு முகம் சுட்டது. ஆங்கில உரையில் இரண்டுக்கும் ஒரே சொல்தான் இருந்தது. நானும் ஒரே சொல்லாகவே போட்டுக்கொண்டு போயிருந்தேன். முதல் பாகத்திலேயே எல் தெனியெந்தே செம்புச் சுரங்கத் தொழிலாளர்களில் ஒரு பகுதியினர் கூலி கேட்டு அரசுக்கு எதிராக இரண்டு மாதத்துக்கு மேல் வேலையை நிறுத்தியது வருகிறது. அது வேலைநிறுத்தம்தான், சந்தேகமில்லை. அதை எதிர்க்கட்சிகள் தோளில் தூக்கிக்கொண்டாடின என்பது வேறு. அதற்கும் லாரி உரிமையாளர்கள் வண்டிகளை ஒதுக்குப்புறத்தில் கொண்டுபோய் மொத்தமாக நிறுத்தி நாட்டின் தொண்டையைப் பிடித்ததற்கும் நான் ஒரே பெயர் வைத்திருந்தேன். பிறகு மூல ஒலியைத் திரும்பக் கேட்டேன். ஸ்பானிய மொழியில் ‘உவெல்கா’ என்று ஒரு சொல், ‘பாரோ’ என்று இன்னொரு சொல். அக்டோபர் 1972இல் நடந்ததை அவர்கள் ‘பாரோ’ என்கிறார்கள். அந்த நாட்டுக்காரர் காதுக்குத் தெரிந்த வித்தியாசம் ஒரு பஸ் மெக்கானிக்கின் காதுக்கும் தெரிந்துவிட்டது, நடுவில் நின்ற எனக்குத் தெரியவில்லை. அங்கே ஒற்றை லாரி வைத்துத் தானே ஓட்டியவர்களும் நிறையப் பேர் இருந்தார்கள் என்று ஷார்ஜாவிலிருந்து ஒரு நண்பர் நினைவூட்டினார். அதுவும் உண்மை. கடைசியில் ‘லாரி உரிமையாளர் நிறுத்தம்’ என்று எல்லா இடத்திலும் மாற்றினேன்.

அன்று தோழர் சொன்ன இன்னொரு விஷயத்தால்தான் அடுத்த இரண்டு சனிக்கிழமையும் வேறு மாதிரி ஆயின. “படம் முடிஞ்சதும் எல்லாரும் அயெண்டே என்ன செய்திருக்கணும்னு பேசுறோம். அந்தப் படத்துல பேசுற தொழிலாளிங்க என்ன கேட்டாங்கன்னு யாராவது சொல்லுங்க பார்ப்போம்” என்றார். யாராலும் சொல்ல முடியவில்லை. எனக்கு மட்டும் தெரியும், வரி வரியாக அடித்தவள் என்பதால்.

ஆகவே இரண்டாம் பாகத்துக்கு ஒரு விதி வைத்துக்கொண்டோம். செப்டம்பர் 11 தெரியாதவர்களாகப் பார்ப்பது. அது எளிதில்லை. ஆனால் முயன்று பார்த்தால் படம் மாறிவிடுகிறது. டாங்கிகள் திரும்பிப் போன பிறகு, தொழிலாளர்கள் கைப்பற்றிய ஆலைகளைத் திருப்பிக் கொடுப்பதா வேண்டாமா என்று ஒரு தொழிற்சங்கக் கூட்டம். நம் ஊர் கேட் மீட்டிங் போலவே இருக்கிறது. மத்தியத் தொழிற்சங்கத்தின் தலைவர் ஒருவர் பொறுமையாக விளக்குகிறார். ஒரு தொழிலாளி எழுந்து பேசுகிறார். அமைப்பாகத் திரளச் சொன்னீர்கள், திரண்டோம். பகுதிவாரியாகக் குழு போடச் சொன்னீர்கள், போட்டோம். இன்னும் என்ன செய்ய வேண்டும், எதுவரை காத்திருக்க வேண்டும் என்பதுதான் அவர் பேச்சின் சாரம். அந்த மனிதர் அயெண்டேக்கு எதிரி இல்லை. அவருக்காக உயிரைக் கொடுக்கத் தயாராக இருப்பவர். அதனாலேயே அவ்வளவு ஆற்றாமை. அவர் பேச்சை மொழிபெயர்த்த இரவில் நான் நாலு வரிக்கு மேல் அடிக்கவில்லை, மடிக்கணினியை மூடிவைத்துவிட்டேன்.

முதல் வாரம் நாங்கள் கேட்ட அதே கேள்வியை அவர்கள் எங்களைவிட நன்றாக, எங்களுக்கு ஐம்பது ஆண்டு முன்னாலேயே, தங்கள் கழுத்தைப் பணயம் வைத்துக் கேட்டிருக்கிறார்கள். பதிலையும் தேடியிருக்கிறார்கள். ஆயுதக் கட்டுப்பாட்டுச் சட்டத்தைக் காட்டி ராணுவம் ஆலை ஆலையாகப் புகுந்து சோதனை போடுவதைப் படம் காட்டுகிறது. எங்கே எத்தனை பேர் எதிர்ப்பார்கள் என்று ராணுவம் முன்கூட்டியே ஒத்திகை பார்த்துக்கொண்டது என்றார் தோழர். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. அதற்கு அடுத்து அந்த இறுதிச் சடங்கின் முகங்களைப் பார்த்தால், அவை ஏன் அவ்வளவு நிதானமாக இருந்தன என்று விளங்குகிறது.

செப்டம்பர் 4ஆம் தேதி, தேர்தல் வெற்றியின் மூன்றாம் ஆண்டு நிறைவுக்குத் தலைநகர் சாந்தியாகோவில் லட்சக்கணக்கான பேர் ஊர்வலம் போகிறார்கள். மேடையில் அயெண்டே. ‘குதிக்காதவன் மோமியோ’ என்பது அவர்களுடைய வழக்கமான கோஷம். மோமியோ என்றால் பாடம் செய்த பிணம். பழைய பணக்கார வர்க்கத்துக்கு அவர்கள் வைத்த பட்டப்பெயர். நான் ‘பழம்பெருச்சாளி’ என்று போட்டேன். அதிலே பிணம் இல்லைதான், ஆனால் வாயில் வருகிற வேகம் இருக்கிறது. ஏழு நாள் கழித்து ஹாக்கர் ஹன்டர் விமானங்கள் லா மொனேதாமீது குண்டு போடுகின்றன. அயெண்டே உள்ளேயே இருந்து, மகயானெஸ் வானொலியில் கடைசி உரையைப் பேசிவிட்டு, அங்கேயே உயிர்விடுகிறார். அன்றிரவு தொலைக்காட்சியில் நாலு தளபதிகளும் உட்கார்ந்து பேசுகிறார்கள். மார்க்சியப் புற்றுநோயை வேரறுப்போம் என்கிறார் விமானப்படைத் தளபதி. தமிழ் வாசகர்களுக்குச் சிலி என்றால் முதலில் நினைவுக்கு வரும் கவிஞர் பாப்லோ நெருதா, அதற்குப் பன்னிரண்டாம் நாள் இறந்தார். பினோசெட்டின் ஆட்சி 1990 வரை நீடித்தது. கொல்லப்பட்டவர்களும் திரும்பி வராதவர்களுமாக 3,000 பேருக்கு மேல் என்று அரசின் ஆணையங்களே பின்னால் கணக்கிட்டன. சித்திரவதைக்கு உள்ளானவர்கள் பல பத்தாயிரம்.

இரண்டாம் பாகம் முடிந்த இரவு யாரும் தீர்ப்புச் சொல்லவில்லை. ஒருவர் மட்டும் அந்தத் தொழிலாளிக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார். எனக்குத் தெரியாது. தெரியாது என்றுதான் சொன்னேன்.

படச் சுருள்கள் தப்பித்த கதையைத் தனியாகவே ஒரு படம் எடுக்கலாம். ஆட்சிக்கவிழ்ப்புக்குப் பிறகு குஸ்மானைப் பிடித்துத் தேசிய விளையாட்டரங்கத்தில் அடைத்தார்கள். கால்பந்து அரங்கம் அப்போது சிறைச்சாலை. சுமார் இரண்டு வாரம் கழித்து வெளியே வந்து, நாட்டை விட்டே போனார். எடுத்த சுருள்கள் அவருடைய மாமா வீட்டில் ஒளித்து வைக்கப்பட்டிருந்தன. அங்கிருந்து சுவீடன் தூதரகத்துக்குப் போய், தூதரகச் சாமான்களோடு கப்பலேறி சுவீடன் சேர்ந்தன. பிறகு கியூபா. ஹவானாவில் பெத்ரோ சாஸ்கெல் படத்தொகுப்பு மேசையில் உட்கார்ந்து, மூன்றாம் பாகம் முடியும்வரை வருடக்கணக்கில் வேலை செய்தார்.

குஸ்மான் 23 வருடம் கழித்துச் சிலிக்குத் திரும்பிப் போய், இந்தப் படத்தை அங்குள்ள இளைஞர்களுக்குப் போட்டுக் காட்டி, அவர்களைப் பேச வைத்து, அதையே இன்னொரு ஆவணப்படமாக 1997இல் வெளியிட்டார். நாங்கள் ஸூமில் செய்ததன் மூத்த வடிவம் என்று சொல்லலாம். சில பிள்ளைகள் பினோசெட் செய்தது சரிதான் என்று வாதிடுகிறார்கள். அப்படித்தான் அவர்களுக்கு வீட்டிலும் பள்ளியிலும் சொல்லித் தந்திருக்கிறார்கள். வேறு சிலர் படம் முடிந்ததும் தேம்பித் தேம்பி அழுகிறார்கள். சுருள்களை ஒளித்து வைத்த அந்த மாமாவும் அதில் வருகிறார். முதுமை ஏறிய விரல்களோடு பியானோ முன் உட்கார்ந்து பீத்தோவனின் நிலவொளி சொனாட்டாவை வாசிக்கிறார். உலகமே பார்த்த ஒரு படத்தைத் தன் வீட்டில் காத்து வைத்திருந்த மனிதர் எந்தப் பெருமையும் பேசாமல் வாசித்துக்கொண்டிருக்கிறார். சிலியின் இலவசத் தொலைக்காட்சி அலைவரிசை ஒன்றில் ‘சிலிக்கான போர்’ முதன்முதலாக ஒளிபரப்பானது 2021 செப்டம்பரில்தான். தன் நாட்டு வீடுகளுக்குள் நுழைய அதற்கு நாற்பது வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

இப்போது ஹோர்ஹே முல்லர்.

ஒவ்வொரு திரையிடலுக்கும் முன்னால் இரண்டு பக்க அறிமுகக் குறிப்பு ஒன்றைக் குழுவுக்கு அனுப்புவேன். அதில் படக்குழுவின் பட்டியல் இருந்தது. இயக்கம், பத்ரிசியோ குஸ்மான். ஒலிப்பதிவு, பெர்னார்தோ மென்ஸ். ஒளிப்பதிவு, ஹோர்ஹே முல்லர் சில்வா. அதற்குப் பக்கத்தில் ‘1974இல் காணாமல் போனார்’ என்று எழுதியிருந்தேன். குழுவினர் பலர் நாட்டை விட்டுப் போய்விட்ட பிறகும் முல்லர் சிலியிலேயே இருந்தார். 1974 நவம்பர் 29 காலை, அவரையும் அவருடைய துணைவியான நடிகை கார்மென் புவெனோவையும் சாந்தியாகோவில் ரகசியப் போலீஸார் பிடித்துக்கொண்டு போனார்கள். முந்தைய நாள்தான் அவர்கள் வேலை செய்த ஒரு திரைப்படம் வெளியாகியிருந்தது. இருவரையும் தடுப்பு முகாம்களில் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அதன் பிறகு எந்தத் தடயமும் இல்லை. சிலியில் நவம்பர் 29ஐத் திரைப்பட நாளாக இன்று கொண்டாடுவது அவர்கள் நினைவாகத்தான்.

இரண்டாம் பாகம் முடிந்த இரவு, வவுனியாவிலிருந்து கலந்துகொள்ளும் தங்கை ஒருவர் எனக்கு வாட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்பியிருந்தார். ஆசிரியை. கூட்டத்தில் எப்போதும் வீடியோவை அணைத்தே வைத்திருப்பார். “அக்கா, குறை நினைக்காதேங்கோ. அந்தக் குறிப்பில ‘காணாமல் போனார்’ எண்டு போட்டிருக்கிறீங்கள். அவர் தானாப் போகேல்லையே அக்கா. பிடிச்சுக்கொண்டு போனவங்கள்தானே. நாங்கள் இஞ்ச ‘காணாமல் ஆக்கப்பட்டவர்’ எண்டுதான் சொல்லுறம்.” அவருடைய அண்ணனைப் பற்றி 2009 மே மாதத்துக்குப் பிறகு எந்தத் தகவலும் இல்லை. கிளிநொச்சியில் 2017 பிப்ரவரி 20 அன்று தொடங்கிய தாய்மாரின் தொடர் போராட்டத்தில் அவருடைய அம்மாவும் ஒருவர்.

அந்தப் பதிவை இரண்டு முறை கேட்டேன். ஈழத்துத் தாய்மார் பதாகையில் அந்தச் சொல்லை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். செய்திகளில் படித்திருக்கிறேன். ஆனாலும் என் கை பழக்கத்தில் ‘போனார்’ என்றே அடித்திருந்தது. சிலியிலும் வெறுமனே காணாமல் போனவர் என்று சொல்வதில்லை. பிடித்து வைக்கப்பட்டுக் காணாமல் ஆக்கப்பட்டவர் என்று இரண்டையும் சேர்த்தே சொல்கிறார்கள். முதலில் பிடித்தான், பிறகு மறைத்தான். பிடித்தவன் ஒருவன் இருக்கிறான் என்பதை அந்தச் சொல் விட்டுக்கொடுப்பதில்லை. ‘போனார்’ என்று எழுதும்போது அவன் தப்பித்துவிடுகிறான்.

மூன்றாம் சனிக்கிழமை. மூன்றாம் பாகம் மற்ற இரண்டையும் போல இல்லை. காலத்தில் பின்னோக்கிப் போய், 1972 அக்டோபரில் லாரிகள் நின்றபோது சாதாரண சனங்கள் நாட்டை எப்படி ஓட்டினார்கள் என்று காட்டுகிறது. பஸ் இல்லாமல் கிடைத்த வண்டியில் தொற்றிக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள். முதலாளிகள் பூட்டிவிட்டுப் போன ஆலைகளைத் தொழிலாளர்களே திறந்து நடத்துகிறார்கள். பக்கத்துப் பக்கத்து ஆலைகள் சேர்ந்து தொழிற்பேட்டைக் குழு அமைத்துக்கொள்கின்றன. கடைக்காரர்கள் பதுக்கினால் தெருக்காரர்களே மக்கள் அங்காடி திறந்து அரிசி, சர்க்கரை, எண்ணெயை அளந்து கொடுக்கிறார்கள். நம் ரேஷன் கடை வரிசையில் நின்ற எவருக்கும் அந்தப் பெண்களின் பேச்சு புரியும்: யாருக்கு எத்தனை, அவளுக்கு எப்படி இரண்டு, பிள்ளைக்காரிக்கு முதலில் கொடு. வாய்க்கு வாய் ‘கொம்பஞேரோ’ என்று அழைத்துக்கொள்கிறார்கள். ஒரே ரொட்டியைப் பகிர்ந்து உண்பவர் என்பது அதன் வேர்ப்பொருள். அதிபரையே ‘கொம்பஞேரோ அதிபர்’ என்றுதான் கூப்பிட்டார்கள். தோழர் என்று போட்டேன். அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் நான் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை.

இந்தப் பாகத்தை ஏன் கடைசியில் வைத்தார் என்று முதலில் எனக்குப் புரியவில்லை. வரிசைப்படி பார்த்தால் இது முன்னால் வர வேண்டியது. குண்டுவீச்சோடு கதை முடிந்துவிட்டதே, பிறகு எதற்கு அரிசி அளப்பதும் ஆலைக் கூட்டமும்? மொழிபெயர்த்து முடித்தபோது தெரிந்தது. குண்டுவீச்சை எல்லோரும் நினைவில் வைத்திருப்பார்கள். அரிசி அளந்ததை இந்தப் படம் இல்லாவிட்டால் யார் நினைவில் வைத்திருப்பார்கள்? எதை அழிக்க அவ்வளவு பெரிய விமானங்கள் வந்தன என்று தெரிய வேண்டுமானால் அந்த அரிசிக் கடையைத்தான் பார்க்க வேண்டும்.

அதில் ஒரு காட்சி. ஓர் இளைஞன் பாரம் ஏற்றிய கைவண்டியை இழுத்துக்கொண்டு நகரத் தெருக்களில் ஓடுகிறான். பேச்சு எதுவும் இல்லை. கேமரா அவனோடு சேர்ந்தே போகிறது. அவன் தோள், வண்டியின் கைப்பிடி, சாலை வளைவில் வண்டி சாய்வது, அவன் அதை நிமிர்த்துவது. காட்சி முடிந்துவிடும் என்று நினைக்கிறோம். முடியவில்லை. ஃபிலிம் அவ்வளவு தட்டுப்பாடாக இருந்த நேரத்தில் இதற்கு இவ்வளவு நீளம் செலவழித்திருக்கிறார்கள்.

படம் தொடங்குவதற்கு முன் திருத்திய குறிப்பை வாசித்திருந்தேன். “ஒளிப்பதிவு, ஹோர்ஹே முல்லர் சில்வா. 1974 நவம்பர் 29 அன்று சாந்தியாகோவில் பிடித்துச் செல்லப்பட்டுக் காணாமல் ஆக்கப்பட்டவர்.” யாரும் எதுவும் சொல்லவில்லை. படம் ஓடி, பேச்சும் முடிந்து, ஒவ்வொருவராக வெளியேறிக்கொண்டிருந்தார்கள். இரவு பதினொன்றே முக்கால். மூத்த தோழர் இருந்தார், நான் இருந்தேன், இன்னும் ஐந்தாறு பேர். வவுனியாத் தங்கையின் மைக் திறந்தது.

“அக்கா, அந்தக் கைவண்டிப் பெடியன் ஓடுறது. அதை எடுத்தவர் அவர்தானே?”

“ஆமாம்மா. அவர்தான்.”

“அதைத் திரும்ப ஒருக்கா போடுங்கோ அக்கா.”

பின்னால் தள்ளி, அந்த இடத்திலிருந்து மறுபடி போட்டேன்.